இருபத்தாறு மன்னிப்பு

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கல்யாணப் பத்திரிகையோடு சரி. புகுந்த வீட்டில் அவள் கருக்கி. மேசைவிரிப்பைக் கருக்கியவள், அதனால் கருக்கி. முதலில் நாத்தனார் கூப்பிட்டாள். பிறகு மூத்தார் கூப்பிட்டார். அவர்கள் பிள்ளைகள் பேச ஆரம்பித்ததும் ஒன்று கருக்கி அத்தை என்றது, இன்னொன்று கருக்கிச் சித்தி என்றது. உறவுமுறையைச் சேர்த்துக் கொண்டார்களாம், மரியாதை குறையக் கூடாதென்று!

இத்தனைக்கும் அவள் பிழைப்பே இஸ்திரிதான். பெரிய ஓட்டலொன்றின் அடித்தளத்தில் சலவைக்கூடம். ஜன்னல் கிடையாது, எந்நேரமும் ஆவி. அங்கே பதினெட்டு வருஷம் வேலை பார்த்து இஸ்திரிப் பிரிவுக்கே பொறுப்பாளி ஆகியிருந்தாள். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு அவள் கண்முன்னால் இஸ்திரி உருளைக்குள் போய் வெளியே வரும். ஒன்று கருகியதில்லை. துணியைத் தொட்டதுமே சொல்வாள், இது மெழுகு, இது உதட்டுச் சாயம், இது பிள்ளை கக்கியது என்று. கறை விஷயத்தில் அவளை ஏமாற்ற ஆளில்லை. அப்படிப்பட்டவளை ஒரு கறை இருபத்தாறு வருஷம் ஏமாற்றியது. ஏமாற்றியது கறையா மனுஷரா என்பதுதான் கதை.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஜெபம் முடிந்ததும் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. ஒவ்வொருவராக எழுந்து, அந்த வருஷம் தனக்குத் தீங்கு செய்த ஒருவரைப் பெயர் சொல்லி, குற்றத்தையும் சொல்லி, எல்லார் முன்னாலும் மன்னிக்க வேண்டும். ஆரம்பித்து வைத்தவர் அவளுடைய மாமனார். நல்ல மனுஷர், பகையோடு யாரும் பந்தியில் உட்காரக் கூடாதென்று நல்லெண்ணத்தில்தான் ஆரம்பித்தார். முதல் வருஷம் அவரே எழுந்து, தன் தம்பி மதிற்சுவரை ஒரு முழம் தள்ளிக் கட்டியதை மன்னித்தார். அந்தத் தம்பி சாப்பிடாமலே எழுந்து போனவர், சாகும்வரை அந்த வாசலை மிதிக்கவில்லை. அன்றைக்கே புரிந்திருக்க வேண்டாமா? புரியவில்லை.

மாமனார் போனபிறகு வழக்கத்தை நாத்தனார் எடுத்துக்கொண்டாள். அவள் பள்ளிக்கூடத்து டீச்சர். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் குரலில் இருந்த பிரம்பு இன்னும் ஓய்வு பெறவில்லை. வீட்டில் எல்லாருக்கும் அவள் டீச்சர்தான்.

மற்றவர்களுடைய குற்றம் வருஷத்துக்கு வருஷம் மாறும். மருந்துக்கடை வைத்திருக்கும் மூத்தாரை ஒரு வருஷம் கோபப்பட்டதற்கு மன்னிப்பார்கள், மறுவருஷம் குடையைத் தொலைத்ததற்கு. டீச்சரின் புருஷன் குறட்டைக்காக மன்னிக்கப்பட்டார், பாவம், அந்தக் குறட்டையோடேயே போய்ச் சேர்ந்தார். கருக்கிக்கு மட்டும் மாற்றமே இல்லை. வருஷா வருஷம் அதே குற்றம், அதே மன்னிப்பு.

நடந்தது இதுதான். கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸ். மாமியார் தன் கையால் பூவேலை செய்த வெள்ளை விரிப்பை, புது மருமகள் கையால் தேய்க்கட்டும் என்று முந்தின நாள் கொடுத்தார். தேய்த்து மடித்தாள். டீச்சர் வந்து பார்த்தாள். “இதென்ன சுருக்கம்?” என்று அதன்மேல் தண்ணீரைத் தெளித்து எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் மேசையில் விரித்தால் நடுவில் ஒரு பழுப்புக் கறை. பாதி உள்ளங்கை அளவு, ஒரு பக்கம் கூராக, பார்த்தால் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு மாதிரியே இருந்தது. மாமியாருக்கு முகம் செத்துவிட்டது. புதுப்பெண் என்ன சொல்வாள்? தேய்த்தது அவள்தானே. பயந்த கை, பழகாத பெட்டி, கொஞ்சம் அதிகம் வைத்துவிட்டோமோ என்று அவளே நம்பிவிட்டாள். அதற்கு மேல் யாரும் அவளை அந்த விரிப்பைத் தொட விடவில்லை. அது டீச்சர் வீட்டு அலமாரிக்குப் போனது, வருஷத்துக்கு ஒரு தரம் வெளியே வரும்.

வரும்போதெல்லாம் கறையின்மேல் கேக் தட்டை வைப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர்கள் மறைத்தது எடுத்துக் காட்டுவதற்காக. மன்னிப்பு நேரம் வந்ததும் டீச்சர் எழுந்து, இரண்டு கையாலும் தட்டைத் தூக்குவாள்.

“இதோ, எங்கம்மா ராப்பகலா தைச்சது. ஒரே நிமிஷத்துல கருக்கிட்டா. அம்மா போறவரைக்கும் இதைச் சொல்லிச் சொல்லி அழுதாங்க. இருந்தாலும் நல்ல நாள். இந்த வருஷமும் நான் மன்னிச்சுட்டேன்.”

சொல்லிவிட்டு அவள் தலையில் கை வைப்பாள். அதற்குச் சற்று முன்னால்தான் அந்தக் கை வறுத்த கோழியைப் பிய்த்து ஆளுக்கொரு துண்டாகத் தட்டில் வைத்திருக்கும். கொழுப்பு ஒட்டிய ஐந்து விரலும் தலைமுடியில் பதியும். சூடான கொழுப்பு மண்டைத் தோலில் இறங்குவது கருக்கிக்குத் தெரியும். எல்லாரும் கை தட்டுவார்கள். பிறகு சாப்பிடுவார்கள். சாப்பிடும் சத்தமா அது! மூத்தார் எலும்பை உறிஞ்சுவார், உறிஞ்சிய எலும்பைத் தட்டில் போடாமல் விரிப்பின் ஓரத்தில் அடுக்குவார். கருக்கி சோற்றைத் தட்டிலேயே ஒதுக்கி வைப்பாள். வீட்டுக்கு வந்து மூன்று தரம் தலைக்குக் குளிப்பாள். மூன்று நாளைக்கு அந்த வாடை தலையணையில் இருக்கும்.

அவள் புருஷன் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். வண்டி இரண்டு நிமிஷம் பிந்தினால் ஓட்டுநரை வாங்கு வாங்கு என்று வாங்குவார். அக்காள் வீட்டு மேசையில் மட்டும் அவருக்கு வாய் இருக்கிற இடமே தெரியாது.

இருபத்தேழாவது கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டில் ஒரு புதிய ஆள் இருந்தாள். ஆறு மாதத்துக்கு முன் மகனுக்குக் கல்யாணம் முடிந்து மருமகள் வந்திருந்தாள். வாய்த்துடுக்கான பெண், கள்ளம் கிடையாது.

“அத்தை, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? உங்களை ஏன் எல்லாரும் கருக்கின்னு கூப்பிடுறாங்க? நீங்க கறுப்புகூட இல்லையே.”

கருக்கி சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஆனால் அன்றிலிருந்து ஒரு நினைப்பு அவளை அரித்தது. இந்தப் பெண் முன்னாலும் அந்தத் தட்டைத் தூக்குவார்கள். நாளைக்கு இவளும் கை தட்டுவாள். வேலையிடத்தில் நாற்பது பேர் எழுந்து நின்று பேசும் தன்னைத் தன் மருமகளே மன்னிக்கப்பட்டவளாகப் பார்ப்பாள். இன்னொரு தரம் அந்தக் கை தன் தலையில் விழக் கூடாது. அது மட்டும்தான் அவள் வேண்டியது.

வேண்டியதுக்கு வழி குளியலறையிலிருந்து வந்தது. டிசம்பர் பதினெட்டாம் தேதி டீச்சர் சோப்பில் கால் வைத்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“கையில மாவுக்கட்டு. வேற வழியில்லாமதான் சொல்றேன். விரிப்பை உன் புருஷன்கிட்ட கொடுத்து விடுறேன், அலசித் தேய்ச்சு வை.”

“சரி அண்ணி.”

“மறுபடியும் கருக்கிடாதே, ஆமா!” அந்தப் பக்கம் சிரிப்பு. மூத்தாரும் கூட இருந்திருக்க வேண்டும், இரண்டு சிரிப்புக் கேட்டது.

விரிப்பை அவள் வேலையிடத்துக்கு எடுத்துப் போனாள். சலவைக்கூடத்தில் கறை பார்ப்பதற்கென்றே வெள்ளை விளக்கு போட்ட ஒரு மேசை உண்டு. இடைவேளையில், எல்லாரும் தேநீருக்குப் போனதும், பாம்பைப் பிடிக்கிறவள் மாதிரி நுனியைப் பிடித்து விரித்தாள். முதலில் பார்த்தது கறையை அல்ல. பார்க்காமல் இருக்க முடியவில்லை. விரிப்பு முழுக்க மஞ்சளாக எண்ணெய் வளையங்கள், மூத்தாரின் எலும்பு அடுக்கிய ஓரமெல்லாம் பிசுக்கு, மடிப்புக்குள் போன வருஷத்துக் கேக் தூள் கெட்டியாகக் காய்ந்து கிடந்தது. வருஷாவருஷம் மேலோடு தண்ணீர் காட்டியதோடு சரி. இதன் மேலா சாப்பிட்டோம்? அம்மாவின் கைவேலை, அம்மாவின் கைவேலை என்று மூச்சுக்கு மூச்சு சொன்னவர்கள், அதை ஒரு தரம்கூட உருப்படியாகத் துவைக்கவில்லை.

பிறகு கறையைப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். இன்னொரு தரம் சுரண்டினாள். விளக்கை இழுத்துக் கிட்ட வைத்தாள்.

துவைக்கும் பிரிவில் ஒருவர் இருந்தார், எல்லாரும் நுரை என்று கூப்பிடுவார்கள். அவளுக்கு முன்னாலேயே வேலைக்குச் சேர்ந்தவர். தேநீரோடு வந்தவர் எட்டிப் பார்த்தார். “என்னம்மா, வீட்டுத் துணியா?”

“இது என்ன கறைன்னு சொல்லுங்க அண்ணே.”

“என்னைச் சோதிக்கிறியா? துரு.”

“கருகல் இல்லையே?”

“எந்த மடையன் சொன்னான் கருகல்னு? கருகின இடம் இத்தனை வருஷம் தாங்குமா? பொடிஞ்சு ஓட்டை விழுந்திருக்கும். இது நூல் திடமா இருக்கு, ஓரத்துல பாரு, செம்மஞ்சள் கரை கட்டியிருக்கு. ஈரத்துணியை இரும்புமேல வெச்சிருக்காங்க. எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சா ஓடிரும். இதைப் போய் எங்கிட்ட கேக்குற, நீயே ஊருக்குச் சொல்றவ!”

அவள் அரை மூடி எலுமிச்சையும் ஒரு சிட்டிகை உப்பும் வைத்து, கறையின் கூரான நுனியில் மட்டும் தேய்த்தாள். தேநீர் ஆறுவதற்குள் நுனி வெளுத்தது. இருபத்தாறு வருஷம், அரை மூடி எலுமிச்சை. அவளுக்கு அழுகை வரவில்லை. வாயில் புளிப்புத்தான் ஊறியது.

இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம். அவள் புருஷன் ஜன்னலில் நட்சத்திர விளக்கு கட்டிக்கொண்டிருந்தார். மகனும் மருமகளும் கடைக்குப் போயிருந்தார்கள்.

“என்னங்க, ஒண்ணு கேக்கணும். நம்ம கல்யாண வருஷம் நான் தேய்ச்சுக் கொடுத்த விரிப்பை, அண்ணி தண்ணி தெளிச்சு எடுத்துட்டுப் போனாங்களே. அதை எங்க வெச்சாங்க?”

“பிஸ்கட் டின்னுல,” என்றார் திரும்பாமலேயே. பல்லில் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“இரும்பு டின்னா?”

“ம். மடிப்புக் கலையாம இருக்கட்டும்னு உள்ளே வெச்சு, மேல பாரம் வெச்சா.”

“அவ்வளவு நல்லா எப்படி ஞாபகம் இருக்கு?”

“நான்தானே காலையில கொண்டுபோய் எறிஞ்சேன். உள்ளே அடியெல்லாம் துரு, யாரும் பாக்குறதுக்குள்ள எறிஞ்சிட்டு வாடான்னு அக்கா கொடு…”

கம்பி பல்லிலிருந்து விழுந்தது. அவர் நாற்காலிமேல் நின்றபடியே நின்றார். இறங்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

“அப்ப உங்களுக்குத் தெரியும்,” என்றாள் அவள்.

“நல்ல நாள்ல எதுக்குப் பிரச்சனைன்னு…”

“நல்ல நாள் வருஷத்துல ஒரு நாள்தானே? மீதி முந்நூத்து அறுபத்து நாலு நாளும் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

“ஒரு வார்த்தைதானேடி. அவ சொல்லிட்டுப் போறா. உனக்கு அதுல என்ன குறைஞ்சு போச்சு? நீயும் எதுவும் சொல்லலையே.”

தேநீர் போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவர் இறங்கி வந்து, தப்பித்தோம் என்று, பிஸ்கட்டைத் தேநீரில் முக்கினார். அது நனைந்து ஒடிந்து கோப்பைக்குள் விழுந்தது. அதைக் கரண்டியால் துழாவி எடுத்து நக்கினார். இத்தனை வருஷம் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அன்றைக்குத்தான் முதல் தரம் பார்த்த மாதிரி இருந்தது. இந்த வாய் இருபத்தாறு தரம் மூடிக்கொண்டிருந்து, மன்னிப்பு முடிந்ததும் சாப்பிட மட்டும் திறந்த வாய். டீச்சர்மேல் வராத அருவருப்பு அவர்மேல் வந்தது. நாத்தனார் அந்நியம், என்ன செய்தாலும் நாத்தனார். இவர் பக்கத்தில் படுத்தவர். கொழுப்பு வாடையடித்த அந்தத் தலையணைக்கு அடுத்த தலையணையில் மூன்று நாள் மூச்சுவிட்டுத் தூங்கியவர்.

மறுநாள் விரிப்பு முழுவதையும் வெந்நீரில் ஊறப்போட்டு, எண்ணெய் வளையம் ஒவ்வொன்றையும் எடுத்து, துருவையும் அடியோடு எடுத்து, கஞ்சி போட்டுத் தேய்த்தாள். மாமியார் தைத்த பூக்கள் வெளியே வந்தன. அதில் நீலநூல் இருந்தது என்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

கிறிஸ்துமஸ் மத்தியானம் டீச்சர் வீடு. விரிப்பை விரித்து, அதே நடுவில் கேக் தட்டை வைத்தது கருக்கியேதான். விரிப்பு பளபளத்தது யார் கண்ணிலும் படவில்லை. அவர்கள் கண் கோழியின்மேல் இருந்தது. டீச்சர் இடது கையாலேயே கோழியைப் பிய்த்துப் பரிமாறினாள். ஜெபம் முடிந்தது. மூத்தார் எழுந்து, கடையில் தன்னிடம் கடுமையாகப் பேசிய வாடிக்கையாளர் ஒருவரை மன்னித்தார். அந்த ஆள் அங்கே இல்லாததால் அது சீக்கிரம் முடிந்தது.

டீச்சர் எழுந்தாள். இடது கையால் தட்டைத் தூக்கினாள்.

“இதோ, எங்கம்மா ராப்பகலா…”

அப்படியே நின்றாள். தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். பூச்சாடியை நகர்த்தினாள். சூப்புக் கிண்ணத்தைத் தூக்கினாள். “இங்கதானே இருந்துச்சு?” மூத்தார் தன் தட்டைத் தூக்கி அடியில் பார்த்தார். மூத்தாரின் மனைவி விரிப்பின் தொங்கலைத் தூக்கிப் பார்த்தாள். கல்யாணத்தில் தாலியைத் தொலைத்தவர்கள்கூட அப்படித் தேடியிருக்க மாட்டார்கள்.

“என்ன பெரியம்மா தேடுறீங்க?” என்றாள் மருமகள்.

“கறையைக் காணோம்!”

மருமகள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். “போனா நல்லதுதானே! கறையைப் போய் யாராவது தேடுவாங்களா?”

யாரும் சிரிக்கவில்லை. மூத்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தக் கறையைப் பாக்குறப்பல்லாம் அம்மா முகம் ஞாபகம் வரும். அதுவும் போச்சா?”

“கேக்காம கொள்ளாம எடுத்துட்டா!” டீச்சரின் மூக்கு சிவந்தது. “கருக்கினது போதாதுன்னு, கருக்கினது தெரியக் கூடாதுன்னு அழிச்சும் வெச்சிருக்கா. எவ்வளவு நெஞ்சழுத்தம்!” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூச்சை இழுத்து விட்டாள். முகத்தில் பழைய பிரகாசம் வந்தது. “சரி. நல்ல நாள். அதையும் நான் மன்னிச்சுட்டேன்.”

இடது கை நீண்டது. விரலெல்லாம் கோழிக் கொழுப்பு மினுங்கியது. நகக்கண்ணில் தோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

தலைக்கு ஒரு சாண் உயரத்தில் கருக்கி அந்தக் கையைப் பிடித்தாள்.

“கருகினது எலுமிச்சம்பழத்துல போகாது அண்ணி. துருதான் போகும்.”

“என்ன துரு?”

“ஈரத்தோட நீங்க டின்னுல வெச்சீங்களே, அந்தத் துரு. டின்னை எறிஞ்சவர் இங்கதான் உக்காந்திருக்கார். கேட்டுப் பாருங்க.”

மேசை மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. டீச்சரும் தம்பியைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் பிரம்பு இருந்தது. நேரக் காப்பாளர் தொண்டையைக் கனைத்தார். கிண்ணத்தைப் பார்த்தார். கரண்டியை எடுத்தார்.

“சூப்பு ஆறுது,” என்றார்.

அவ்வளவுதான். கருக்கி நாத்தனாரின் கையை விட்டாள். தன் மூன்று விரலில் அந்தக் கொழுப்பு ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். கைக்குட்டையைத் தேடவில்லை. குனிந்து, விரிப்பின் நடுவில், நீலநூல் பூவுக்குப் பக்கத்தில், அழுத்தித் துடைத்தாள். மூன்று கோடு விழுந்தது.

“இது நான் பண்ணினது,” என்றாள். “இனிமே இதை மன்னிச்சுக்குங்க.”

செருப்பை மாட்டிக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனாள். கிறிஸ்துமஸ் அன்று அங்கே எப்போதும் ஆள் பற்றாக்குறை. அவளைப் பார்த்ததும் நுரைக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. “உனக்கு இன்னைக்கு லீவாச்சே?”

“ஊரார் அழுக்குப் பரவாயில்லை அண்ணே,” என்று ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். மூன்று மணிக்கு மேலிருந்து விருந்து முடிந்த மேசைவிரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து விழுந்தன. குழம்பும் சாராயமும் மெழுகும். கொட்டியது யாரென்று அங்கே யாரும் கேட்பதில்லை.

அதற்கப்புறம் எத்தனையோ கிறிஸ்துமஸ் போய்விட்டது. ஒவ்வொன்றுக்கும் அவள் வேலைக்குப் போகிறாள். புருஷன் அக்காள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, அவளுக்கென்று ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார். அது பிரிக்காமல் குப்பைக்குப் போகும். ஒரே வீடு, இரண்டு அறை. மருமகள் அவளைப் பெயர் சொல்லி அத்தை என்று சேர்த்துக் கூப்பிடுகிறாள், பத்திரிகையில் இருந்த பெயரைச் சொல்லி.

அங்கே வழக்கம் நிற்கவில்லை. காலி நாற்காலியைப் பார்த்து டீச்சர் இன்றைக்கும் மன்னிக்கிறாளாம். அந்தக் கொழுப்புக் கோடு வெந்நீரும் சோப்பும் காட்டினால் ஒரு நிமிஷத்தில் போய்விடும். துவைக்கவேயில்லையாம். மேலே கேக் தட்டு வைத்திருக்கிறார்களாம்.